ஹல்துமுல்லையில் பவர் பேங்க் வாங்குகிறவர்களுக்கு

ஒக்டோபர் பிறந்துவிட்டால் வானொலிச் செய்தியில் அடிக்கடி அடிபடும் ஊர்ப்பெயர்களில் ஹல்துமுல்லையும் ஒன்று. பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை என்றால் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பசறை என்று நீளும் பட்டியலில் அதுவும் பெரும்பாலும் இருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்து லயன்களை மண் மூடியதும் இந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான். அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது யார் காதில் விழுந்தது, விழுந்தவர்களுக்குப் போக வேறு இடம் இருந்ததா என்பது தனி வழக்கு.

இன்றைக்கு எச்சரிக்கை வந்து சேரும் வழி பெரும்பாலும் கைபேசிதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு அறிவித்தல்களை யாராவது தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் இரவில் அழைத்து, "அம்மா, அங்க மழை எப்பிடி? பேசாம கோயிலுக்குப் போயிருங்க" என்கிறான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, சுவசெரிய அம்பியூலன்ஸின் 1990 ஆகிய இலக்கங்களும் போனில் சார்ஜ் இருந்தால்தான் உதவும். மழை வலுக்கும் இரவுகளிலோ முதலில் போவது கரண்ட். காற்றில் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், அடுத்த நாள் லைன் சரிபார்க்க ஆள் வரும்வரை மலை முழுக்க இருட்டுத்தான்.

தியலும நீர்வீழ்ச்சிக்கும் லிப்டன் சீட்டுக்கும் வரும் உல்லாசப் பயணி பையில் பவர் பேங்க் வைத்திருப்பது படம் பிடிப்பதற்காக. லயத்துக் குடும்பத்துக்கு அதன் தேவை வேறு. ஆகவே வாங்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும். கொழும்புக் கடையின் விளம்பரத்தைப் பார்த்து வாங்கினால் பாதிப் பணம் வீண்.

இலங்கையர் பவர் பேங்கைத் தேடி ஓடியது 2022இல். டொலர் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், அந்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதி நாடு 13 மணி நேர மின்வெட்டில் கிடந்தது. சார்ஜ் லைட்டும் பவர் பேங்கும் தேடித் திரிந்த அதே வேளையில் ரூபாவின் மதிப்புச் சரிந்து இறக்குமதிப் பொருட்கள் எல்லாம் விலை ஏறின. எது கிடைத்ததோ அதை வாங்கினார்கள். போலிகளும் சேர்ந்தே வந்தன. பிறகு அட்டவணைப்படி கரண்ட் வெட்டும் வழக்கம் நின்றது. ஆனால் கரண்ட் போவது நிற்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு போய்ப் பட்டுவிட்டது என்று துறைக்குரிய அமைச்சரே காரணம் சொன்னார். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பாதை போனது, கரண்ட் போனது, பல இடங்களில் போன் சிக்னலும் போனது. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் வெளியூரில் இருந்தவர்கள் தவித்தார்கள்.

இனிக் கடைக்குப் போவோம். பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ, டவுனுக்குச் சாமான் வாங்க வந்த ஒரு பெண் போன் கடைக்குள் நுழைந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் ஓடும்.

"அக்கா, இது அம்பதாயிரம். ஒருக்கா சார்ஜ் போட்டா ஒரு கிழமைக்கு யோசிக்கத் தேவையில்ல."

"என்னா வெல தம்பி?"

விலையைக் கேட்டால் பக்கத்தில் இருக்கும் பத்தாயிரத்தின் விலையைவிடக் குறைவு. மேலே டோர்ச் லைட், ஓரத்தில் சின்ன சோலார் தகடு, நாலு வயரும் கூடவே. யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த ஐம்பதாயிரம் என்பது மில்லியம்பியர் மணி. கடைப் பேச்சில் எம்.ஏ.எச். பெட்டியில் பெரிதாக அச்சடிப்பது இதைத்தான், ஆளை ஏமாற்றுவதும் இதுதான். உண்மையான கொள்ளளவைச் சொல்வது வாட் மணி. கணக்கு எளிது. பவர் பேங்குக்குள் இருக்கும் லித்தியம் அயன் செல்லின் மின்னழுத்தம் சராசரியாக 3.7 வோல்ட். மில்லியம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் மணி வந்துவிடும். 10,000 என்றால் 37 வாட் மணி. 20,000 என்றால் 74. நல்ல தயாரிப்புகளில் இந்த எண்ணைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அது போடப்படாத சாமானை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

இப்போது வரும் சாதாரணத் தொடுதிரை போன் ஒன்றின் பேட்டரி 5,000 மில்லியம்பியர் மணி, அதாவது சுமார் 19 வாட் மணி. "பத்தாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் ரெண்டு தரம் நிறையணுமே, ஏன் ஒன்றரைத் தரத்தோட நிக்குது?" என்று கடைக்காரருடன் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. அதில் கடைக்காரரின் குற்றம் எதுவும் இல்லை. 3.7 வோல்ட்டில் இருப்பதை 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே அனுப்ப வேண்டும். போன் அதை மறுபடியும் தன் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு சூடாகப் போகிறது. அதனால்தான் 10,000 என்று எழுதிய நேர்மையான பெட்டியின் பின்பக்கத்தில், 5 வோல்ட்டில் கிடைப்பது 5,500 முதல் 6,500 வரை என்று இன்னொரு எண் இருக்கும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எண்ணை.

பழைய மாதிரி பட்டன் போனுக்குக் கணக்கே வேறு. அதன் பேட்டரி 1,000 மில்லியம்பியர் மணி அளவுதான். ஒரு 10,000 பவர் பேங்க் அதை ஏழு தரம் நிரப்பும். ஒவ்வொரு தரமும் நாலைந்து நாள் ஓடும். மழைக்காலத்தில் வீட்டில் ஒரு பட்டன் போனில் சிம் போட்டு வைத்திருப்பது, இன்னொரு பெரிய பவர் பேங்க் வாங்குவதைவிட மலிவான வேலை. வாட்ஸ்அப் வராதுதான், ஆனால் அழைப்பு வரும். யூ.எஸ்.பி.யில் எரியும் 3 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்றையும் அதே பவர் பேங்கில் மாட்டினால் ஏறக்குறைய பத்து மணி நேரம் எரியும். இருட்டியதிலிருந்து விடியும்வரை அது காணும்.

அந்த ஐம்பதாயிரத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 185 வாட் மணி. டோர்ச் லைட் பேட்டரி போல உருளையாக இருக்கும் 18650 என்ற செல் ஒன்றில் மிஞ்சி மிஞ்சிப் போனால் 3,500 மில்லியம்பியர் மணி இருக்கும். அதன் எடை 45 கிராமுக்கு மேல். 50,000 சேர வேண்டுமானால் குறைந்தது பதினான்கு பதினைந்து செல் வேண்டும். செல்லின் எடை மட்டுமே 650 கிராமைத் தாண்டும். கையில் வைத்தால் முக்கால் கிலோ சீனிப் பொட்டலம் போலக் கனக்க வேண்டிய சாமான், சவர்க்காரக் கட்டி போல இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. உண்மையான 10,000 ஒன்று சாதாரணமாக 180 முதல் 230 கிராம் வரை இருக்கும். 20,000 என்றால் 350 கிராமுக்குக் குறையாது. கடைத் தராசில் நிறுத்துப் பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் கிராம் கணக்குக்கு வாதாடிப் பழகிய கைகள்தானே.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. முழுதாக இறங்கிய பவர் பேங்கை 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரில் போடுங்கள். அது 10 வாட். 37 வாட் மணியை நிரப்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியே தீரும். 20,000 என்று விற்கப்பட்டது இரண்டு மணி நேரத்தில் நிறைந்துவிட்டால் நல்ல சார்ஜர் என்று சந்தோஷப்படக் கூடாது. உள்ளே அவ்வளவு இடமே இல்லை என்று அர்த்தம்.

2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நல்ல பவர் பேங்க் ஒன்றுக்குச் சில நாள் பேர் அப்படியே போய்விடும். அதனால்தான் இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய பொய்யைவிடச் சிறிய உண்மை போதும். நாலைந்து பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு, கரண்ட் இரண்டு நாளில் திரும்பி வரும் ஊரில், 10,000 போதுமானது. பாதை அடைபட்டால் வாரக்கணக்கில் தனித்துப் போகும் மேல் டிவிசன்களுக்கு 20,000 நியாயம். அதற்கு மேல் வாங்குவதைவிட, அந்தக் காசுக்கு இரண்டு சிறியவற்றை வாங்கினால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

பவர் பேங்க் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி வயர். கேபள் என்று பெயர் போட்டு விற்கும் மலிவான வயர்களுக்குள் ஓடும் செம்புக் கம்பி முடியளவு மெல்லியது. ஒரு மீற்றர் நீள வயரில், போகவும் வரவுமாக, 2 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட் புறப்பட்டு 4.15 வோல்ட் போய்ச் சேர்ந்தால் போன் அதை எடுக்கத் தயங்கும்; சார்ஜ் ஆகிறது என்ற அடையாளம் மட்டும் இரவெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். தடித்த கம்பி போட்ட வயரில் இந்த இழப்பு பாதிக்கும் குறைவு. பவர் பேங்குக்கு ஒரு சாண் நீள வயர் உத்தமம். பாதி நீளமானால் இழப்பும் பாதி. நீளமான வயர் சுவர்ப் பிளக்குக்கு இருக்கட்டும்.

முனை விஷயத்தில் உலகமே இப்போது டைப் சி பக்கம் சாய்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைபேசிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஐபோன் அதற்கு முந்திய ஆண்டே மாறிக்கொண்டது. ஆனால் லயத்து வீடுகளில் டைப் சி, பழைய மைக்ரோ யூ.எஸ்.பி., பட்டன் போனின் மெல்லிய ஊசி முனை என்று மூன்றும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆகவே சதுரமான பழைய யூ.எஸ்.பி. வாய் ஒன்றும் டைப் சி வாய் ஒன்றும் உள்ள பவர் பேங்கே வசதி. இன்னொரு காரணமும் உண்டு: டைப் சி வாய் வைத்த மலிவான டோர்ச் லைட்டுகள் பல, இரு முனையும் டைப் சியாக உள்ள வயரில் சார்ஜ் ஆகவே ஆகாது. உள்ளே போட வேண்டிய சின்னத் தடை ஒன்றைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருப்பார். பழைய சதுர முனை வயரைப் போட்டால் உடனே ஏறும். லைட் பழுது என்று தூக்கிப் போடுமுன் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வேகமான சார்ஜ் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. 65 வாட், 100 வாட் என்று எழுதியிருந்தாலும் போன் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் ஏறும். சில கம்பனிகளின் போன்கள் தங்கள் சொந்த வயரும் சார்ஜரும் இருந்தால்தான் வேகம் காட்டும். ஒரு விதத்தில் மட்டும் அது இங்கே உதவும். கரண்ட் இரண்டு மணி நேரம் வந்துவிட்டு மறுபடி போகும் நாட்களில், பவர் பேங்கையே சீக்கிரம் நிரப்ப 18 வாட்டுக்கு மேல் உள்வாங்கக் கூடியதாக இருந்தால் நல்லது. வெளியே எவ்வளவு கொடுக்கும் என்பதைப் பெட்டியில் பெரிதாகப் போடுவார்கள். உள்ளே எவ்வளவு எடுக்கும் என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டும். வயரில்லாமல் மேலே வைத்தால் சார்ஜ் ஆகும் வகையில் சக்தி வீணாவது அதிகம். மின்வெட்டுக்கு அது உதவாத ஆடம்பரம்.

சோலார் தகடு பதித்த பவர் பேங்க் மலைநாட்டில் நன்றாக விலைபோகிறது. விற்பனைப் பேச்சைக் கேட்டால் கரண்ட் போர்டே தேவையில்லை என்று தோன்றும். அந்தத் தகடு உள்ளங்கை அளவு. உச்சி வெயிலில் தருவது ஒன்றரை வாட் அளவில். நல்ல வெயில் ஐந்து மணி நேரம் அடித்தால் ஒரு நாளைக்கு ஏழரை வாட் மணி. 20,000 நிறைய, வெயில் குறையாமல் பத்து நாள் வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் அப்புத்தளைப் பக்கம் பனிமூட்டம் விலகுவதே அபூர்வம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரட்டுக்குப் போகும்போது இஸ்தோப்புச் சுவரில் வெயில் படும்படி வைத்துவிட்டுப் போனால் இன்னொரு கேடும் உண்டு: லித்தியம் பேட்டரிக்கு வெயில் சூடுதான் முதல் எதிரி. சோலார் வேண்டும் என்றால் 10 வாட் அல்லது 20 வாட் தகட்டைத் தனியாக வாங்கி, தகட்டை வெயிலிலும் பவர் பேங்கை நிழலிலும் வைக்க வேண்டும். சேர்ந்தே ஒட்டிய சின்னத் தகடு பெட்டியின் அழகுக்கு மட்டும்.

சார்ஜரைச் சொருகும் இடத்துக்கு வந்தால் விஷயம் கொஞ்சம் கடுமையாகிறது.

பழைய லயன் காம்பராவில் பிளக் பொயின்ட் ஒன்றோ இரண்டோதான். அதில் ஒரு மல்டி பிளக், அந்த மல்டி பிளக்கில் கேத்தல், ரைஸ் குக்கர், டீவி, நடுவே இரண்டு போன். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக்கை நாட்டின் பொது நியமமாக்கியிருந்தாலும், வீடுகளில் உருண்டை முனைப் பிளக்குகளும் புழங்குகின்றன. தமிழ்நாட்டுக்குப் போய் வந்த உறவினர் கொண்டுவரும் சார்ஜர் இரண்டு உருண்டை முனை கொண்டது. அது சதுரத் துளைக்குள் போகாது. போகாதபடிதான் அந்தப் பொயின்ட் செய்யப்பட்டிருக்கிறது: மேல் துளையில் நீளமான எர்த் முனை நுழைந்தால்தான் கீழே உள்ள இரண்டு துளைகளின் மூடி திறக்கும். நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி எல்லாருக்கும் தெரியும். மேல் துளையில் பேனாவையோ ஈர்க்கையோ விட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு முனைச் சார்ஜரைக் கீழே திணிப்பது. பிள்ளைகள்கூடப் பழகிவிட்டார்கள். திணித்த முனை உள்ளே இறுகப் பிடிக்காது. ஆடும் இடத்தில் தீப்பொறி பறக்கும், பிளக் கருகும். பேனா இல்லாத நேரத்தில் கைக்கு வந்த கம்பியை விட்டால் நிலைமை இன்னும் மோசம். நியமத்துக்கு அமைந்த, பியூஸ் வைத்த ஓர் அடாப்டர் வாங்கினால் இந்த வித்தை எதுவும் தேவைப்படாது.

மலிவுச் சார்ஜருக்குள் ஆபத்து இன்னொரு விதமாக ஒளிந்திருக்கிறது. சுவரில் வருவது 230 வோல்ட், போனுக்குப் போவது 5 வோல்ட். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது சார்ஜருக்குள் இருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளியும் கொஞ்சம் காப்புப் பொருளும்தான். போலியில் மிச்சம் பிடிப்பது அங்கேதான். அது உடைந்தால் 230 வோல்ட் போன் வழியாகக் கைக்கு வரும். ஆகவே சார்ஜில் இருக்கும் போனைக் காதில் வைத்துப் பேசுவதும், ஈரக் கையால் தொடுவதும் வேண்டாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. இடி மின்னல் அடிக்கும் பின்னேரங்களில் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பேங்கிலேயே போனைப் போடலாம். அது சுவர்க் கம்பியோடு தொடர்பில்லாமல் தனித்து நிற்பதால் மின்னல் அந்த வழியே போனுக்குள் நுழையாது.

லயன்களில் இதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு காம்பராவில் பற்றிய தீ, ஒரே கூரையின் கீழ் உள்ள வரிசை முழுவதையும் எரித்துவிடுவது மலையகத்தில் அடிக்கடி வரும் செய்தி. லித்தியம் செல்லுக்குள் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் அது தன் சூட்டிலேயே மேலும் சூடாகி எரியத் தொடங்கும், நிறுத்துவது கடினம். பெரிய பெயர்களும் இதற்கு விலக்கில்லை. 2025 ஜூனில் அங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏ1263 என்ற மாதிரியில் பதினொன்றரை இலட்சம் பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது; தீப்பற்றியதாகவும் வெடித்ததாகவும் 19 முறைப்பாடுகள் வந்திருந்தன. நல்ல கம்பனியில் ஒரு வசதி, மாதிரி இலக்கத்தை வைத்து நம்முடையது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேட முடிகிறது. பெயரே இல்லாத சாமானுக்கு யார் அறிவித்தல் விடுவார்கள்?

தலையணைக்கு அடியிலும் போர்வைக்குள்ளும் சார்ஜ் போடக் கூடாது. குளிருக்கு அடுப்பங்கரையில் படுக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அடுப்புத் திட்டுக்கு மேலே உள்ள தட்டில் பவர் பேங்கை வைக்கவே கூடாது. மழையில் நனைந்ததை அடுப்புச் சூட்டில் காயவைப்பதும் அதே வகைத் தவறு. நனைந்ததைப் பாவனையிலிருந்து எடுத்துவிடுவதே சரி. வயிறு உப்பினாற்போல் பெட்டி புடைத்திருந்தால் அதன் காலம் முடிந்தது. அமுக்கிப் பார்க்கவோ குத்தவோ வேண்டாம். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது. இரும்பு டின் ஒன்றில் மணலுக்குள் வைத்து வீட்டுக்கு வெளியே ஒதுக்கிவிட்டு, டவுனுக்குப் போகும்போது மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்கலாம். தீப்பற்றினால் முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும். சின்னதாக இருக்கும்போதே, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீரை நிறைய ஊற்றிக் குளிரவைத்தால்தான் பக்கத்துச் செல்லுக்குச் சூடு பரவாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் இரவு முடியுமுன்னே போன் செத்துவிடுவதாகப் பலர் குறைப்படுவார்கள். அதற்குக் காரணம் மலை. சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் வலுவைக் கூட்டிக் கூட்டிக் கோபுரத்தைத் தேடுகிறது; சட்டைப் பைக்குள் சும்மா இருக்கும்போதே சார்ஜ் வடிகிறது. கொரோனாக் காலத்தில், 2021இல், லுணுகலைக்கு அருகே போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டு வழியே மலையுச்சிப் பாறைக்கு ஏறிப் போனது உலகச் செய்தியானது. ஊவாவில் சிக்னல் என்பது இன்னமும் பல இடங்களில் தேடிப் போய் எடுக்க வேண்டிய ஒன்றுதான். கரண்ட் இல்லாத இரவில் டாட்டாவை நிறுத்திவிட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து, வீட்டில் ஒரு போனை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை அணைத்துவிட்டால் ஒரு பவர் பேங்க் இரண்டு மடங்கு நாள் வரும். எங்கு சிக்னல் நன்றாக வருகிறதோ, அந்த ஜன்னலோரத்திலேயே போனை வைக்க வேண்டும்.

கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அதன் பேட்டரியும் ஜெனரேட்டரும் ஓரளவுக்குத்தான் தாங்கும். டித்வா நாட்களில் போனில் முழுச் சார்ஜ் இருந்தும் சிக்னல் இல்லாமல் இருந்தவர்கள் பலர். ஆகவே பவர் பேங்கோடு ஒரு சின்ன ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும். சில போன்களில் எப்.எம். ரேடியோ உண்டு, இயர்போன் வயரை அன்டெனாவாகச் சொருகினால்தான் எடுக்கும். அந்த வயரைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

மழை இல்லாத மாதங்களில் பவர் பேங்கை முழுதாக நிரப்பியும், முழுதாக இறக்கியும் அலமாரியில் போடக் கூடாது. பாதிக்குச் சற்று மேலே வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றினால் ஆயுள் கூடும். செப்டம்பர் முடிவில் ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, மழை ஓயும்வரை நிறைத்தே வைக்க வேண்டும். பேட்டரி கொஞ்சம் தேயும்தான். அந்த மாதங்களில் அதைப் பார்த்துப் பயனில்லை.

சவூதிக்கோ குவைத்துக்கோ டுபாய்க்கோ வேலைக்குப் போகும் பெண்கள் இந்தப் பகுதியில் ஏராளம். கட்டுநாயக்கவில் அவர்கள் கையிலிருந்து பறிபோகும் சாமான்களில் பவர் பேங்கும் ஒன்று. எடைபோட்டு அனுப்பும் பெரிய பெட்டிக்குள் அதை வைக்கக் கூடாது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட் மணிக்கு மேல் என்றால் விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் என்றால் எந்தக் கம்பனியும் ஏற்றாது. அந்தக் கணக்கில் 20,000 தாராளமாகப் போகலாம். கடைக்காரத் தம்பியின் ஐம்பதாயிரம், எழுதியிருப்பது பொய்யே ஆனாலும், எழுதியிருப்பதற்காகவே மறிக்கப்படும். 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பற்றியது. உள்ளே இருந்த 176 பேரும் இறங்கித் தப்பினார்கள். மேல் தட்டில் வைத்த பவர் பேங்கே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறிய பிறகு விதிகள் இறுகின. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று மட்டும் என்றது. அதையும் பறக்கும்போது பாவிக்கவோ சார்ஜ் போடவோ முடியாது, கொள்ளளவு அதன் மேல் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது.

கடைசியாகப் பற்றுச்சீட்டு. டவுன் கடைகளில் கேட்டால்தான் எழுதுவார்கள். பொருளின் பெயர், மாதிரி இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றையும் அதில் எழுதி வாங்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாயால் சொன்னது எங்கும் எடுபடாது. மாற்றித் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாடு செய்யும்போது முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.